தெரியாத மதிப்பையும் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் எஸ்டிகே: திறந்த எனம் கட்டும் முறை

ஒரு கூரியர் சேவையின் ஏபிஐ-யை எடுத்துக்கொள்வோம். பார்சல் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல அது மூன்று மதிப்புகளைத் தருகிறது: ‘புக்டு’, ‘இன்ட்ரான்ஸிட்’, ‘டெலிவர்டு’. இதற்கு எஸ்டிகே எழுதுகிறவர் சி ஷார்ப்பில் ஒரு சாதாரண எனம் வைத்து மூன்றையும் அதில் போட்டுவிடுகிறார். எடிட்டர் மதிப்புகளை எடுத்துக் கொடுக்கிறது. எழுத்துப்பிழை இருந்தால் கம்பைலர் பிடிக்கிறது. சில மாதம் கழித்து, வெளிநாட்டுப் பார்சல்களுக்காக ‘கஸ்டம்ஸ்ஹோல்டு’ என்று நான்காவது மதிப்பு ஒன்றைச் சேவைக் குழு சேர்க்கிறது. ஏற்கெனவே வெளியாகிப் பலரது ஆப்களுக்குள் உட்கார்ந்திருக்கும் எஸ்டிகேக்கு இந்தச் செய்தி போய்ச் சேராது.

அப்போது நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஆப் ஐம்பது பார்சல்களின் பட்டியலைக் கேட்கிறது. சர்வர் சரியான ஜேசானை அனுப்புகிறது. அதில் ஒரே ஒரு பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது. டாட்நெட்டின் ஸ்ட்ரிங் எனம் கன்வெர்ட்டர் அந்தச் சொல்லைத் தன் பட்டியலில் தேடுகிறது, கிடைக்கவில்லை, எக்ஸெப்ஷன் எறிகிறது. அந்த எக்ஸெப்ஷன் ஒரு பார்சலோடு நிற்பதில்லை. பட்டியல் முழுவதையும் கவிழ்க்கிறது. மற்ற நாற்பத்தொன்பது பார்சல்களும் திரையில் வராது. அந்த ஆப் ஸ்டேட்டஸைக் காட்டவே இல்லை, பெறுநர் பெயரை மட்டும்தான் காட்டுகிறது என்றாலும் இதே கதிதான். ஜாவாவில் எனத்தின் ‘வேல்யூஆஃப்’ மெத்தடும் தெரியாத பெயருக்கு இதே மாதிரி எக்ஸெப்ஷன்தான் எறியும்.

எனவே எஸ்டிகே எழுதுகிறவருக்கு நான் முதன்மையாகச் சொல்வது இது: தெரியாத மதிப்பு வந்தால் உடையவும் கூடாது, அதை வேறொன்றாக மாற்றவும் கூடாது. வந்த எழுத்துகளை வந்தபடியே ஆப்பிடம் கொடுக்க வேண்டும்; என்ன செய்வது என்று முடிவெடுப்பது ஆப்பின் வேலை. முகவரியில் கேள்விப்படாத ஊர்ப் பெயர் இருக்கிறது என்பதற்காகத் தபால்காரர் கடிதத்தைக் கிழித்துப் போடுவதில்லை, பக்கத்து ஊர்ப் பெயரை அதில் எழுதிவிடுவதும் இல்லை. இப்படி வளர இடம் விட்டுக் கட்டும் வகையைத்தான் திறந்த எனம் என்கிறோம். மைக்ரோசாஃப்டின் அஸ்யூர் எஸ்டிகேக்களில் இந்த முறை மொழிக்கு மொழி ஒழுங்காக வகுக்கப்பட்டிருக்கிறது. அதை ஒட்டியே, சி ஷார்ப்பை அடிப்படையாக வைத்து, படிகளைச் சொல்கிறேன்.

கோடு எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியது, எது திறந்தது, எது மூடியது என்று பிரிப்பது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எஸ்டிகேயின் புது வெர்ஷன் வராமலேயே இந்தப் பட்டியலில் யாராவது ஒரு மதிப்பைச் சேர்க்க முடியுமா? ஏறுவரிசை, இறங்குவரிசை என்ற இரண்டில் மூன்றாவது வரப்போவதில்லை. வாரத்தின் நாட்களும் அப்படியே. ஆனால் ஸ்டேட்டஸ், பிழைக் குறியீடு, டேட்டா சென்டர் இருக்கும் பகுதி, மெஷினின் அளவு, பணம் செலுத்தும் வழி ஆகிய எல்லாம் வளரும் பட்டியல்கள். சந்தேகம் இருந்தால் திறந்ததாகவே வையுங்கள். அஸ்யூரின் ஏபிஐ வழிகாட்டியும் பட்டியல் என்றைக்கும் மாறாது என்ற உறுதி இருந்தால் தவிர திறந்த எனத்தையே பயன்படுத்தச் சொல்கிறது. காரணம் எளிது: மூடிய எனத்தை வெளியிட்டுவிட்டுப் பிறகு திறந்ததாக மாற்றினால் அதைப் பயன்படுத்தியவர்களின் கோடு கம்பைல் ஆகாது. அந்த மாற்றத்துக்கு ஒரு மேஜர் வெர்ஷன் செலவாகும்.

ஆப் அனுப்ப மட்டுமே செய்யும், திரும்பப் பெறவே பெறாத மதிப்புகளை மூடியே வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சேவை புதிதாக ஒரு மெஷின் அளவை அறிமுகப்படுத்தினால், எஸ்டிகேயின் அடுத்த ரிலீஸ் வரும்வரை பயனர் காத்திருக்கத் தேவையில்லை. அந்தப் பெயரைத் தானே எழுதி அனுப்ப அவருக்கு வழி இருக்க வேண்டும். பெயர் தவறென்றால் சர்வரே சொல்லிவிடும்.

இந்த முடிவை ஏபிஐ விவரக் கோப்பிலேயே பதிய வேண்டும். எஸ்டிகேயின் கோடு அங்கிருந்துதான் உருவாகிறது. ஓப்பன்ஏபிஐ கோப்பில் அஸ்யூர் இதற்கென ஒரு நீட்டிப்பு வைத்திருக்கிறது. அதில் ‘மாடல் ஆஸ் ஸ்ட்ரிங்’ என்பதை ட்ரூ என்று குறித்தால் திறந்த எனம் உருவாகும். புதிய டைப்ஸ்பெக் மொழியில் எனம் என்று எழுதினால் மூடியது. ஸ்ட்ரிங்கையும் தெரிந்த மதிப்புகளையும் சேர்த்து யூனியனாக எழுதினால் திறந்தது.

அடுத்து வகையைக் கட்டுவது. சி ஷார்ப்பில் இது ஒரு ரீட்ஒன்லி ஸ்ட்ரக்ட். ‘பார்சல்ஸ்டேட்டஸ்’ என்று பெயர் வைப்போம். உள்ளே ஒரே ஒரு பிரைவேட் ஸ்ட்ரிங். கன்ஸ்ட்ரக்டர் அந்த ஸ்ட்ரிங்கை வாங்கி வைத்துக்கொள்ளும், நல் வந்தால் மறுக்கும், வேறு எதையும் மறுக்காது. தெரிந்த மூன்று மதிப்புகளும் மூன்று ஸ்டேட்டிக் ப்ராப்பர்ட்டிகள். அதனால் ‘பார்சல்ஸ்டேட்டஸ்’ என்று அடித்துப் புள்ளி வைத்ததும் எடிட்டர் பழைய எனத்தைப் போலவே பட்டியலைக் காட்டும். ஸ்ட்ரிங்கிலிருந்து இந்த வகைக்கு மறைமுகமாக மாறும் ஆபரேட்டர் ஒன்றும் வேண்டும். அது இருந்தால் எஸ்டிகே அறியாத புது மதிப்பைப் பயனர் மேற்கோள் குறிக்குள் எழுதி நேராக அனுப்பலாம். இந்த வகையிலிருந்து ஸ்ட்ரிங்குக்குத் திரும்பும்போது ‘டுஸ்ட்ரிங்’ மெத்தட் போதும். அந்தத் திசையிலும் மறைமுக மாற்றம் வைத்தால், வகை என்று ஒன்று வைத்ததன் பயனே போய்விடும்.

ஒப்பீடுதான் கவனம் அதிகம் கேட்கும் இடம். சேவைகள் சில நேரம் ‘டெலிவர்டு’ என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கியும் சில நேரம் முழுக்கச் சிறிய எழுத்திலும் அனுப்பும். அதனால் அஸ்யூரின் டாட்நெட் எஸ்டிகே, எழுத்தின் அளவைப் பொருட்படுத்தாமல் ஒப்பிடுகிறது. இப்படிச் செய்தால் ‘ஈக்வல்ஸ்’, இரட்டைச் சமக்குறி ஆபரேட்டர், ‘கெட்ஹாஷ்கோடு’ மூன்றும் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும். ‘ஈக்வல்ஸ்’ எழுத்தளவைப் பார்க்காமல் சமம் என்று சொல்ல, ஹாஷ் மட்டும் உள்ளே இருக்கும் ஸ்ட்ரிங்கின் சாதாரண ஹாஷாக இருந்தால், சமமான இரண்டு மதிப்புகளுக்கு இரண்டு ஹாஷ் கிடைக்கும். டிக்ஷனரியில் ஒன்றைச் சாவியாகப் போட்டு மற்றதைக் கொண்டு தேடினால் கிடைக்காது. லாக்கில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், ஒப்பிட்டாலும் ட்ரூ என்றே வரும். இந்தப் பக்கைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும் பாடு. ஆகவே எழுத்தளவைப் பார்க்காத கம்பேரரிடமே ஹாஷையும் கேளுங்கள்.

சிறிய எழுத்தாக மாற்றிவிட்டு ஒப்பிடலாமே என்று குறுக்கு வழி தேட வேண்டாம். துருக்கி மொழி அமைப்பில் ஓடும் கணினியில், புள்ளியில்லாத பெரிய ‘ஐ’ எழுத்தைச் சிறிதாக்கினால் புள்ளியில்லாத வேறொரு சிறிய எழுத்து கிடைக்கும். ஆங்கிலத்தில் ‘ஃபெயில்ட்’ என்று முழுக்கப் பெரிய எழுத்தில் வந்த சொல் அங்கே எதோடும் பொருந்தாது. மொழி அமைப்பைச் சாராத ஒப்பீட்டு முறையை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். இன்னொன்று: ஒப்பீட்டுக்காக எழுத்தளவைப் புறக்கணிக்கலாம், சேமித்து வைத்த ஸ்ட்ரிங்கை மாற்றக் கூடாது. சர்வர் எப்படி எழுதியதோ ‘டுஸ்ட்ரிங்’ அப்படியே தர வேண்டும்.

ஸ்ட்ரக்ட் என்பதால் இன்னொரு சிறு கண்ணியும் உண்டு. கன்ஸ்ட்ரக்டரைத் தொடாமலேயே டீஃபால்ட் மதிப்பு ஒன்று பிறந்துவிடும். அதன் உள்ளே நல்தான் இருக்கும். ஹாஷ் மெத்தட் அதைக் கண்டு விழக் கூடாது. சர்வர் அந்தப் புலத்தை அனுப்பாமலே விடலாம் என்றால், மாடலில் அதை நல்லபிளாக வையுங்கள். ‘அனுப்பவில்லை’ என்பதும் ‘எனக்குத் தெரியாத ஒன்றை அனுப்பியது’ என்பதும் வேறு வேறு செய்திகள். அவற்றைக் கலந்துவிடக் கூடாது.

இனி ஜேசான். படிக்கும்போது ஸ்ட்ரிங்கை எடுத்து கன்ஸ்ட்ரக்டரிடம் கொடுப்பது, எழுதும்போது அதே ஸ்ட்ரிங்கை எழுதுவது. இவ்வளவுதான் வேலை. இந்த எளிய இடத்தில்தான் பலர் புத்திசாலித்தனம் காட்டப் போய்க் கெடுக்கிறார்கள். தெரியாதது வந்தால் ‘அன்னோன்’ என்ற தனி மதிப்பாக மாற்றுவது பரவலான வழக்கம். ஜாவாவின் ஜாக்சன் லைப்ரரியில் தெரியாத எனம் மதிப்பை நல்லாகவோ ஒரு டீஃபால்ட்டாகவோ படிக்கும் அமைப்புகள் உண்டு. வெறுமனே படித்துக் காட்டும் ஆப்புக்கு அது போதும். ஆனால் பல ஆப்கள் படித்து, ஒரு புலத்தை மாற்றி, முழு மாடலையும் திருப்பி அனுப்புகின்றன. பயனர் மாற்றியது தொலைபேசி எண்ணை மட்டும்தான். போனதோ ஸ்டேட்டஸ் ‘அன்னோன்’ என்று. சர்வர் அதை மறுத்தால் நல்ல காலம். நல்லாகப் போய் சர்வர் ஏற்றுக்கொண்டால், கஸ்டம்ஸில் நிற்கும் பார்சலின் நிலை அழிந்தே போகும். உடைந்து விழுவதைவிட இது மோசம். உடைந்தால் யாராவது பார்ப்பார்கள். சத்தமில்லாமல் அழிந்த தகவலை யாரும் தேட மாட்டார்கள்.

புரோட்டோகால் பஃபர்ஸ் இதே சிக்கலை எண்களோடு சந்தித்தது. புரோட்டோ2-இல் எனம் மூடியது: தெரியாத எண் வந்தால் அது அந்தப் புலத்தில் வைக்கப்படாமல், அறியாத புலங்களுக்கான தனிப் பையில் போய்ச் சேரும். பட்டியலாக வரும் புலத்தில் இது இன்னும் வினோதம்: திரும்ப எழுதும்போது தெரிந்த மதிப்புகள் முன்னாலும் தெரியாதவை பின்னாலும் போய், வரிசையே மாறிவிடும். புரோட்டோ3-இல் எனம் திறந்தது. எண் அப்படியே புலத்தில் இருக்கும். முதல் மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்தப் பூஜ்யத்துக்கு ‘அன்ஸ்பெசிஃபைட்’ என்று பெயரிடுவது வழக்கம். எடிஷன் 2023-இலும் திறந்ததுதான் இயல்புநிலை.

மற்ற மொழிகளில் வடிவம் மாறும். கோ மொழியில் ஸ்ட்ரிங்கை அடிப்படையாகக் கொண்ட ஒரு வகையும் சில கான்ஸ்டன்ட்களும் போதும். அஸ்யூர் கூடவே, தெரிந்த மதிப்புகளை எல்லாம் தரும் ஒரு ஃபங்ஷனும் வைக்கிறது. டைப்ஸ்கிரிப்டில் புலத்தின் வகை ஸ்ட்ரிங், தெரிந்தவை ‘நோன்’ என்ற முன்னொட்டோடு தனி எனமாக வரும். பைத்தானில் ஸ்ட்ரிங்காகவும் இருக்கும் எனம்; தெரியாதது வெறும் ஸ்ட்ரிங்காகவே வந்து சேரும், ஒப்பீடு இரண்டுக்கும் ஒன்றே. ஜாவாவில் ‘எக்ஸ்பாண்டபிள் ஸ்ட்ரிங் எனம்’ என்ற அடிப்படை கிளாஸ். அமேசானின் ஏடபிள்யூஎஸ் ஜாவா எஸ்டிகே இரண்டாம் வெர்ஷன் வேறு வழியில் போனது: எனம் உண்மையான எனமாகவே இருக்கும், தெரியாதது வந்தால் ‘அன்னோன் டு எஸ்டிகே வெர்ஷன்’ என்ற மதிப்பு கிடைக்கும். ஆனால் மூல எழுத்துகளை எடுக்க ‘ஆஸ்ஸ்ட்ரிங்’ என்று முடியும் இன்னொரு மெத்தட் எப்போதும் கூடவே உண்டு. ஸ்விட்ச் வேலை செய்யும், தகவலும் தொலையாது. இதுவும் நேர்மையான வழிதான். அந்த இரண்டாவது மெத்தட் இல்லையென்றால் இதை நான் ஏற்க மாட்டேன்.

ஸ்விட்ச் என்றதும் சி ஷார்ப்பில் வரும் தடையைச் சொல்ல வேண்டும். ‘கேஸ்’ வரியில் கம்பைல் நேரத்திலேயே தெரிந்த கான்ஸ்டன்ட்தான் வர முடியும். நம் ஸ்டேட்டிக் ப்ராப்பர்ட்டிகள் அப்படிப்பட்டவை அல்ல. எளிய வழி இஃப், எல்ஸ் இஃப். அல்லது ‘கேஸ் வார்’ என்று மதிப்பைப் பிடித்து, ‘வென்’ நிபந்தனையில் ஒப்பிடலாம். ‘டுஸ்ட்ரிங்’ போட்டு வெறும் ஸ்ட்ரிங் மேல் ஸ்விட்ச் எழுதுகிறவர்கள் உண்டு. அது எழுத்தளவைப் பார்க்கும் ஒப்பீடு என்பதால் நாம் பாடுபட்டு வைத்த விதி அங்கே செல்லாது. எஸ்டிகேயின் ஆவணத்தில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு கண்டிப்பாக வையுங்கள். புதிதாக வருகிறவர் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான்.

பந்து இப்போது ஆப் எழுதுகிறவரிடம். எந்தக் கிளையிலும் அடங்காத மதிப்புக்கு அவர் ஒரு கிளை எழுதியே ஆக வேண்டும். ரஸ்டும் ஸ்விஃப்டும் இதை மொழியிலேயே வைத்திருக்கின்றன. 2019-இல் வந்த ரஸ்ட் 1.40, ‘நான் எக்ஸாஸ்டிவ்’ என்று குறித்த எனத்துக்கு வெளியிலிருந்து மேட்ச் எழுதும்போது பொதுக் கிளை இல்லாவிட்டால் கம்பைல் செய்யாது. அதே ஆண்டில் வந்த ஸ்விஃப்ட் 5, ‘அன்னோன் டீஃபால்ட்’ என்ற கிளையைத் தந்தது. எஸ்டிகே புதுப்பிக்கப்பட்டுப் புது மதிப்பு சேரும்போது, அதைத் தனியாகக் கையாளவில்லை என்று கம்பைலர் எச்சரிக்கவும் செய்யும். சி ஷார்ப்பில் அந்த உதவி இல்லை. ஒழுக்கத்தால்தான் ஈடுகட்ட வேண்டும்.

அந்தக் கிளையில் என்ன எழுதுவது என்பது பொருளைப் பொறுத்தது. திரையில் காட்டுவதென்றால் மூலச் சொல்லையே காட்டலாம், அல்லது ‘செயல்பாட்டில் உள்ளது’ போன்ற பொதுவான வாசகம். கூடவே அந்தச் சொல்லை லாக்கில் எழுதுங்கள். பணம் சம்பந்தப்பட்டதென்றால் மிகுந்த கவனம் தேவை: தெரியாத ஸ்டேட்டஸ் என்றால் தோல்வி என்று பொருளல்ல. தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி பணம் பிடித்தால் வாடிக்கையாளர் இரண்டு முறை கட்டியிருப்பார். திரும்பப் பெற முடியாத எந்தச் செயலையும் தெரியாத மதிப்பை நம்பிச் செய்யக் கூடாது.

தெரியாதவற்றுக்கு என்ன பொருள் என்று சேவையே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. அஸ்யூரின் நீண்ட நேரம் ஓடும் செயல்கள் இதற்கு நல்ல மாதிரி. அங்கே ‘சக்ஸீடட்’, ‘ஃபெயில்ட்’, ‘கேன்சல்ட்’ மூன்று மட்டுமே முடிவு நிலைகள். மற்ற எந்தச் சொல் வந்தாலும் வேலை இன்னும் நடக்கிறது, பிறகு வந்து கேள் என்றே பொருள். சேவைகள் இடையில் எத்தனை நிலைகளைச் சேர்த்தாலும் பழைய எஸ்டிகே தடுமாறாமல் காத்திருக்கும்.

டேட்டாபேஸ் பக்கம் ஒரு பார்வை. எஸ்டிகேயில் திறந்து வைத்ததை டேபிளில் மூடிவிடுகிறவர்கள் நிறைய. போஸ்ட்கிரெஸின் எனம் வகையிலோ, குறிப்பிட்ட சொற்களை மட்டும் ஏற்கும் செக் நிபந்தனையோடோ அந்த நெடுவரிசையை அமைத்தால், கன்வெர்ட்டரில் விழாத ஆப் இன்செர்ட்டில் விழும். போஸ்ட்கிரெஸ் எனத்தில் மதிப்பைச் சேர்க்கலாம், ஆனால் சேர்த்ததை நீக்கக் கட்டளை கிடையாது. சாதாரண டெக்ஸ்டாக, தாராளமான நீளத்தில் சேமியுங்கள்.

பழைய மதிப்பின் பெயர் மாறினால் பழைய ப்ராப்பர்ட்டியை நீக்காதீர்கள். ‘அப்சலீட்’ என்று குறித்து விட்டுவையுங்கள். பழைய தரவு எங்கோ இன்னும் அந்தச் சொல்லோடு உலவிக்கொண்டிருக்கும். புது மதிப்புக்கு ஒரு ப்ராப்பர்ட்டி சேர்ப்பது மைனர் ரிலீஸுக்கு உரியது, அவசரமில்லை. திறந்த எனத்தின் பலனே இந்த அவசரமின்மைதான்.

கடைசிப் படி டெஸ்ட். எந்தச் சேவையும் அனுப்ப வாய்ப்பில்லாத ஒரு சொல்லை வைத்து ஜேசான் ஒன்று எழுதுங்கள். அதைப் படித்து, மாடலில் வேறொரு புலத்தை மாற்றி, திரும்ப எழுதி, அந்தச் சொல் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதே சொல்லை எழுத்தளவு மாற்றி ஹாஷ்செட்டில் தேடுங்கள். டீஃபால்ட் மதிப்பின் ஹாஷைக் கேளுங்கள். துருக்கி மொழி அமைப்பில் ஒரு முறை எல்லாவற்றையும் ஓட்டுங்கள். ஆப் எழுதுகிறவர்களும் தங்கள் பக்கத்தில் முதல் டெஸ்டையாவது எழுதலாம். அவர்களது பொதுக் கிளை உண்மையில் ஓடுகிறதா என்று தெரிய வேறு வழியில்லை.

ஏபிஐ எழுதும் சேவைக் குழுவிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு பட்டியலின் பக்கத்திலும், ‘இந்தப் பட்டியல் வளரலாம், தெரியாத மதிப்பு வந்தால் இப்படி எடுத்துக்கொள்ளவும்’ என்று முதல் வெர்ஷனிலேயே எழுதிவிடுங்கள். நான்காவது மதிப்பைச் சேர்க்கும் நாளில் எழுதினால், அதற்குள் வெளியாகிவிட்ட ஆப்களுக்கு அது உதவாது.